தறி, தட்டு, தொட்டில்

தமிழ் முஸ்லிம்களின் வரலாறு என்றதும் நம் கண்முன் முதலில் வந்து நிற்பவை மரக்கலங்கள்தாம். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நாகூரிலிருந்தும் கடல் கடந்து சென்ற வணிகப் பெருமக்களைப் பற்றியும், அவர்கள் பேணி வளர்த்த புலவர்களைப் பற்றியும் நூல்கள் பல எழுந்துள்ளன. அவ்வரலாறு பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரக்கலம் ஏறாத குடும்பங்களும் நம்மில் ஆயிரமாயிரம் உண்டு. தறியின் முன்னும், கோரைப் பாயின் முன்னும், பீடித் தட்டின் முன்னும் அமர்ந்து அன்றாட உணவைத் தேடிய அக்குடும்பங்களின் வரலாறு வீட்டின் நடுக்கூடத்தில் நடந்தது. அதனைக் கண்டவர் பலர். எழுதியவர் மிகச் சிலர்.

அக்குடும்பத்துப் பெண்மக்களின் தொழிலைப் பற்றி நம்மவரிடையே ஒரு வழக்குச் சொல் உண்டு. “வீட்டில் இருந்தபடியே நாலு காசு பார்க்கலாம், பிள்ளை குட்டிகளையும் கவனித்துக்கொள்ளலாம்” என்பதே அது. இச்சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது எத்துணை உண்மை என்பதை அறிய வேண்டுமாயின், பிள்ளை நலமாக விளையாடிக்கொண்டிருக்கும் நாளைப் பார்த்தால் போதாது. அது காய்ச்சலில் துவண்டு கிடக்கும் நாளைப் பார்க்க வேண்டும். தாய்க்கு இரண்டு கைகள் உண்டு. தொழில் இரண்டையும் கேட்கிறது. நோயுற்ற குழந்தையும் இரண்டையும் கேட்கிறது. இந்த வழக்கை நம் முன்னோர் வீடுகளும், நாட்டின் சட்டமும், மருத்துவமும் எங்ஙனம் தீர்த்துவைத்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறியும் பாயும்

தாமிரபரணிக் கரையிலுள்ள மேலப்பாளையமும், மேற்கு மலையடிவாரத்திலுள்ள கடையநல்லூரும் ஒரு காலத்தில் நெசவினால் வாழ்ந்த ஊர்கள். தறியில் அமர்ந்தவர் பெரும்பாலும் ஆடவர். ஆனால் தறி ஓடுவதற்கு முன்னர் நூல் இழைக்க வேண்டும். கஞ்சி போட வேண்டும். பாவுக்கு நூலை ஆயத்தப்படுத்த வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். இவையெல்லாம் பெண்களின் கையால் நடந்தவை. துணிக்குரிய கூலி தறிக்காரரின் கைக்கு வந்ததே அல்லாமல், தார் சுற்றியவளுக்கென்று தனிக் கணக்கு எதுவும் இருந்ததில்லை.

அம்முறையில் குறை இருந்தது போலவே ஒரு நெகிழ்ச்சியும் இருந்தது. குடும்பம் முழுவதும் ஒரே தொழிலில் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால், குழந்தைக்கு உடல்நலம் குன்றிய நாளில் மாமியாரோ நாத்தனாரோ தாரைச் சுற்றுவார்; தாய் குழந்தையை மடியில் போட்டுக்கொள்வாள். அன்று துணி சற்றுக் குறையும். குறைந்தது யாருடைய கணக்கில் என்ற கேள்வி எழுவதில்லை. இழப்பு குடும்பத்தின் இழப்பாகவே இருந்தது.

சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் இலெப்பைக் குடும்பத்துப் பெண்கள் நெய்துவரும் கோரைப் பாய் உலகறிந்தது. 2013 ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோரையைக் கீறி, நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, மெல்லிய இழைகளாக்கி நெய்யும் அப்பாயில் நயமான வகையை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பாயின் வேலை பொறுமையை வேண்டுவது. ஆனால் இழை ஒன்றைக் கோத்துவிட்டு எழுந்து சென்று, மீண்டும் வந்து அதே இடத்தில் தொடரலாம். குழந்தை அழுதால் பாய் காத்திருக்கும். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், பின்னர் வந்த தொழில் காத்திருக்கும் இயல்புடையதன்று.

தட்டு வந்த கதை

இருபதாம் நூற்றாண்டில் கைத்தறி படிப்படியாக நலிந்தது. கடையநல்லூர் நெசவாளர் பலர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். சிங்கப்பூரில் அவர்கள் 1941 இல் தமக்கெனச் சங்கம் கண்டதும், 1946 இல் உமறுப் புலவரின் பெயரால் தமிழ்ப் பள்ளி ஒன்றை நிறுவியதும் நாம் பெருமையுடன் நினைவுகூரும் செய்திகள். ஆனால் ஆடவர் கப்பலேறிய வீடுகளில் எஞ்சியவர்கள் யார்? தாயும் குழந்தைகளும் முதியவர்களுமே. பணம் வரும் மாதமும் உண்டு. வராத மாதமும் உண்டு. அவ்வீடுகளின் வாசலில் வந்து நின்றதுதான் பீடி.

பீடித் தொழில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய இந்தியாவில் வேரூன்றி, பின்னர் தெற்கே பரவியது. அதற்கு இயந்திரம் வேண்டா, மின்சாரம் வேண்டா, கட்டடமும் வேண்டா. இலை, புகையிலைத் தூள், நூல், ஒரு கத்தரி, இலையை அளவாக வெட்ட ஒரு தகடு, மடியில் வைத்துக்கொள்ள ஒரு தட்டு ஆகியவையே போதும். மேலப்பாளையம், முக்கூடல் முதலிய ஊர்களிலும், வடக்கே வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளிலும் இத்தொழில் பரவியது. வெளியே சென்று வேலை செய்யும் வழக்கமில்லாத நம் பெண்மக்களுக்கு இது மானத்தோடு பொருளீட்டும் வழியாயிற்று. பீடிக் கூலியில் திருமணம் முடிந்த பெண்களும், அக்கூலியில் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளும் நம்மிடையே பலர். அந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் இத்தொழிலின் இயல்பைச் சற்று உற்று நோக்க வேண்டும். கடையிலிருந்து எடைபோட்டு வாங்கிவந்த இலையை நனைத்து, ஈரத் துணியில் பொதிந்து வைக்கிறாள். நனைத்த இலையை உலர்வதற்குள் வெட்டிச் சுற்றிவிட வேண்டும். நாள் கடந்தால் இலை வீணாகும். இலை குறைந்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்த இலையைத் தன் காசில் வாங்கி ஈடுகட்டுபவர் உண்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. கடையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் கணக்கர் பார்த்து, சரியில்லாதவற்றைக் கழித்துத் தள்ளுவார். கழிந்தது போக எஞ்சியதே கணக்கு.

எட்டு மணி நேரத்தில் 1000 பீடி சுற்ற வேண்டுமாயின், நிமிடத்துக்கு இரண்டு பீடிக்குக் குறையாமல் விரல்கள் இயங்க வேண்டும். இதில் இலை வெட்டும் நேரமும் கட்டுக் கட்டும் நேரமும் சேரவில்லை. இலையை இடக்கையில் ஏந்தி, தூளை வலக்கையால் இட்டு, இரு கை விரல்களாலும் உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்ற வேண்டும். ஒரு கை தொட்டிலை ஆட்டுமானால் பீடி நின்றுவிடும். தாய்மார்கள் தொட்டில் கயிற்றைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு தட்டின் முன் அமர்ந்ததன் காரணம் இதுதான். கைகள் கடைக்கு உரியவை. குழந்தைக்கு எஞ்சியது கால்.

நலமான குழந்தைக்குக் கால் போதும். நோயுற்ற குழந்தைக்குப் போதாது. அதைத் தூக்க வேண்டும். உடம்பைத் துடைக்க வேண்டும். கஞ்சித் தண்ணீரோ கருப்பட்டித் தண்ணீரோ சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும். மஃரிபு நேரத்தில் பள்ளிவாசல் வாயிலுக்குக் கொண்டுசென்று ஓதி ஊதி வர வேண்டும். புகையிலை படிந்த கையால் குழந்தையின் வாயைத் தொட முடியாது; ஒவ்வொரு முறையும் கையைக் கழுவ வேண்டும். நனைத்த இலையோ காத்திராது. இதனால் அந்நாளில் தாய் இரவைக் கடன் வாங்கினாள். குழந்தை கண்ணயர்ந்த பின் விளக்கடியில் அமர்ந்து விடியும்வரை சுற்றினாள். இயலாதபோது மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். தட்டையோ தம்பியையோ ஏதேனும் ஒன்றை அச்சிறுமி ஏற்க வேண்டியதாயிற்று. ஒரு நாளுக்கென்று நின்ற படிப்பு ஒரேயடியாக நின்றுபோன வீடுகள் எத்தனையோ!

தறிக்கும் தட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. தறி வீட்டில் இழப்பைக் குடும்பம் பகிர்ந்துகொண்டது. தட்டு வந்த பின்னர் இழப்பு ஒருத்தியின் பெயரில், ஒருத்தியின் புத்தகத்தில் எழுதப்பட்டது. குழந்தை நோயுற்ற நாளுக்கு முதலாளியிடம் கணக்கில்லை, அரசிடம் கணக்கில்லை, பல வீடுகளில் கணவனிடமும் கணக்கில்லை. அந்நாளின் முழு விலையையும் தாயே கொடுத்தாள்.

சட்டம் வாசற்படிக்கு வந்தது

பீடித் தொழிலாளரைப் பற்றி அரசு சிந்திக்கத் தொடங்கியது வீட்டிலிருந்து அன்று, கூடத்திலிருந்து. 1931 இல் வெளிவந்த ராயல் தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை, காற்றோட்டமற்ற பீடிக் கூடங்களின் நெருக்கடியையும் அங்கே சிறுவர் உழைப்பதையும் எடுத்துரைத்தது. வீடுகளில் குனிந்திருந்த தலைகள் அந்நாளில் ஆய்வாளர் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை.

1950 இல் உச்ச நீதிமன்றத்தின் முன் விந்தையான வழக்கொன்று வந்தது. மத்தியப் பிரதேசத்தில் வேளாண்மைப் பருவத்தில் வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அப்பருவத்தில் குறிப்பிட்ட கிராமங்களில் பீடி தொழிலையே தடைசெய்யச் சட்டம் வழி வகுத்திருந்தது. அச்சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயலுக்குச் செல்ல இயலாத முதிய பெண்டிரும் நோயாளரும் அன்றாடச் செலவுக்குப் பீடியை நம்பியிருக்கக் கூடும் என்பது அத்தீர்ப்பில் சுட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. வீட்டை விட்டு நகர முடியாதவருக்கும் தொழில் உரிமை உண்டு என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது எனலாம்.

சென்னை மாநிலம் 1958 இல் பீடிக் கூடங்களை முறைப்படுத்தச் சட்டம் இயற்றியது. நோக்கம் நல்லது. ஆயினும் கூடத்துக்கு உரிமமும் வேலை நேரமும் விடுப்பும் விதிக்கப்பட்டபோது, கூடத்தையே கலைத்துவிட்டு வேலையை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், சட்டமில்லாத அண்டை மாநிலத்துக்குத் தொழிலை நகர்த்துவதும் உடைமையாளருக்கு எளிதாயின. இடையில் தரகர் ஒருவரை நிறுத்தி, “எனக்கும் இத்தொழிலாளருக்கும் தொடர்பில்லை” என்று சொல்லும் வழியும் இருந்தது. தமிழகத்தில் எழுந்த ஒரு வழக்கில், 1964 இல், அத்தரகர்கள் பெயரளவினரே என்றும், தொழிலாளர் உடைமையாளரின் தொழிலாளரே என்றும் உச்ச நீதிமன்றம் கண்டது.

இவற்றின் பயனாக, 1966 ஆம் ஆண்டில் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நாடு முழுமைக்கும் பிறந்தது. வீட்டுக்குப் பொருளை வாங்கிச்சென்று பீடி சுற்றுபவரும் தொழிலாளரே என்று அது ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. உடைமையாளர் பலர் அதனை எதிர்த்து வழக்காடினர். வீட்டுக்குள் யார் சுற்றுகிறார், எப்போது சுற்றுகிறார் என்பதைத் தாம் எங்ஙனம் அறிவது என்பது அவர்கள் வாதம். 1974 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. இரண்டாண்டுகள் கழித்து, 1976 இல், பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. அதன்வழி மருந்தகங்களும், முக்கூடலில் மருத்துவமனையும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் ஏற்பட்டன. இவை சிறு பேறுகள் அல்ல.

இனி, அச்சட்டத்தைத் தொட்டிலின் பக்கமிருந்து படித்துப் பார்ப்போம். மூன்று செய்திகள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, குழந்தைக் காப்பகம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் கூடங்களில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று 1966 ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. வீட்டில் சுற்றும் பெண்ணுக்கு அதில் பங்கில்லை. அவள் வீட்டில்தானே இருக்கிறாள், அவளுக்கு ஏன் காப்பகம் என்பதே அதன் உட்கிடை.

இரண்டாவது, மகப்பேற்று உதவி. 1961 ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சட்டம் வீட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும் என்று கூறிவிட்டு, அதில் இரு பிரிவுகளை மட்டும் அவளுக்கு நீக்கினார்கள். அவற்றுள் ஒன்று, பேறுகாலத்தினாலோ குறைப்பிரசவத்தினாலோ நோயுற்றால் மேலும் ஒரு மாதம் வரை ஊதியத்தோடு விடுப்புத் தரும் பிரிவு. கூடத்துப் பெண்ணுக்கு இருந்த அந்த ஒரு மாதம் வீட்டுப் பெண்ணுக்கு இல்லாமற் போயிற்று. பாலூட்டும் தாய்க்கு வேலையிடையே இருமுறை ஓய்வு தரும் பிரிவு நீக்கப்படவில்லை. ஆனால் மணியடிக்கும் கூடமே இல்லாத இடத்தில் அந்த ஓய்வை யார் அளப்பது, யார் கொடுப்பது?

மூன்றாவது, ‘நாள்’ என்ற சொல்லுக்கு அச்சட்டம் தந்த விளக்கம். விடுப்புக் கூலியையும் மகப்பேற்று உதவியையும் கணக்கிடுவதற்காக, வீட்டுத் தொழிலாளியின் ‘நாள்’ என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரத்துள் அவள் பீடி சுற்றிய எந்த நேரமும் ஆகும் என்றார்கள். கணக்கிடுவோர்க்கு இது வசதியான இலக்கணம். ஆயினும் அதனுள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அவள் எப்போது வேலை செய்கிறாள் என்பது சட்டத்துக்குத் தெரியாது. நள்ளிரவிலும் செய்யக்கூடும் என்பது மட்டும் தெரியும். ஏன் நள்ளிரவில் செய்கிறாள் என்று அது கேட்கவில்லை.

1986 ஆம் ஆண்டில் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் இதுவே நேர்ந்தது. பீடி சுற்றுதல் சிறுவர்க்குத் தடைசெய்யப்பட்ட தொழில்களுள் ஒன்றாயிற்று. ஆனால் குடும்பத்தார் துணையுடன் நடக்கும் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தம்பியின் காய்ச்சலுக்காகப் பள்ளியை விட்டுத் தட்டேந்திய சிறுமியைச் சட்டம் வாசற்படிவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

உலக அளவில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996 இல் வீட்டுத் தொழில் குறித்த 177 ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பிற தொழிலாளருக்குள்ள உரிமைகள் வீட்டில் தொழில் செய்வோர்க்கும் வேண்டும் என்று அது கூறுகிறது. 2000 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. 1966 ஆம் ஆண்டுச் சட்டமோ 2020 இல் நிறைவேற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றனுள் கரைந்துவிட்டது. நலநிதிக்கென்று பீடியின்மீது விதிக்கப்பட்டிருந்த தனித் தீர்வையும் 2017 இல் நீக்கப்பட்டது.

மலிவான மருந்தும் தாயின் நேரமும்

சட்டத்தை விட்டு மருத்துவத்துக்கு வருவோம். நம் வீடுகளில் கைக்குழந்தைகளைப் பறித்துச் சென்ற நோய்களுள் வயிற்றுப்போக்கு முதன்மையானது. அதற்குரிய எளிய மருந்து நம் அண்டை நாடான வங்காளத்தில் உருவாயிற்று. அதன் வரலாறு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது.

1968 இல் டாக்கா நகரின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் ஆகிய மருத்துவர்களும் அவர்களுடன் உழைத்த வங்காளியரும், உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த நீரை வாய்வழி கொடுத்தே காலரா நோயாளரைத் தேற்றலாம் என்று காட்டினர். 1971 ஆம் ஆண்டுப் போரில் வங்கத்திலிருந்து ஏதிலிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்தபோது, எல்லையோரமான பன்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்துவிட்டது. அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ், இந்த உப்புச் சர்க்கரை நீரைக் கலந்து நோயாளரின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, அவர் பொறுப்பிலிருந்தோருள் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

பின்னர் வங்கதேசத்தின் பிராக் என்னும் தொண்டமைப்பு, 1980 முதல் பத்தாண்டுகள் சிற்றூர் சிற்றூராக, வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று தாய்மார்க்குக் கற்பித்தது. 1 கோடி 20 இலட்சம் வீடுகளுக்கு மேல் அந்தப் பாடம் சென்றடைந்தது. கற்றதைத் தாய்மார் எவ்வளவு நன்றாக நினைவில் வைத்திருந்தனர் என்பதைச் சோதித்து, அதற்கேற்பவே ஊழியர்க்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்று அளவு பிசகாத பொட்டலமாகவே அம்மருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது; அதனையே பயன்படுத்துவது நல்லது.

மனித குலத்துக்குக் கிடைத்த மிக மலிவான மருந்துகளுள் இது ஒன்று என்பர். உண்மைதான். ஆயினும் இதனை ஊட்டும் முறையைக் கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓரிரு நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் புகட்ட வேண்டும். குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் முன்னிலும் மெதுவாகத் தொடங்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவது போன்றதன்று இது. மணிக்கணக்கில் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு பீடி என்று முன்னர்க் கண்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் தாய் இரண்டு, மூன்று பீடிகளை இழக்கிறாள். மருந்தின் விலை சில காசுகள். அதை ஊட்டும் நேரத்தின் விலை அன்றைய கூலி முழுவதும். அந்த நேரத்துக்கு யாரும் விலை எழுதாமையால்தான் மருந்து மலிவாகத் தோன்றுகிறது.

கலீபா கேட்ட அழுகுரல்

குழந்தையைப் பேணும் நேரத்துக்கு விலையுண்டு என்பது நம் மார்க்கத்துக்குப் புதிய செய்தியன்று. மணவிலக்குப் பெற்ற தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டினால், அதற்குரிய ஊதியத்தைத் தந்தை கொடுக்க வேண்டும் என்று திருக்குர்ஆன் பணிக்கிறது. பால் கொடுக்கும் காலத்தில் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்றும் கூறுகிறது. மணவிலக்குக்குப் பின் குழந்தையை வளர்க்கும் தாய்க்கு, பாலூட்டும் கூலி மட்டுமன்றி வளர்ப்புக் கூலியும் உண்டு என்று ஹனபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. பெற்ற பாசத்தால் செய்வது என்பதற்காக, அது உழைப்பு அன்று என்று நம் சட்ட மேதைகள் சொல்லவில்லை.

இதனினும் தெளிவான ஒரு நிகழ்ச்சி கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்ததாக வரலாற்றாசிரியர் இப்னு சஅது பதிந்துள்ளார். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே பொதுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை என்பது அப்போதைய விதி. மதீனாவுக்கு வெளியே தங்கிய வணிகக் கூட்டமொன்றை இரவில் காவல் காத்துக்கொண்டிருந்த கலீபா, ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் மும்முறை சென்று காரணம் வினவினார்கள். கேட்பவர் யாரென்று அறியாத அப்பெண், பால்குடி மறந்தால்தான் உமர் உதவித்தொகை தருவார் என்பதால், காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்க முயல்வதாகக் கூறினார். அன்று வைகறைத் தொழுகையில் கலீபாவின் அழுகையால் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லையாம். பொழுது விடிந்ததும், பிறந்த நாள் முதற்கொண்டே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை என்று விதி திருத்தப்பட்டது.

இதில் நாம் ஓர்ந்து பார்க்க வேண்டியது, கலீபா அத்தாயைக் கடிந்துகொள்ளவில்லை என்பதே. ‘குழந்தையின் பாலை நிறுத்துகிறாளே, இவள் என்ன தாய்!’ என்று எண்ணவில்லை. தாம் வகுத்த கணக்கே தாயையும் சேயையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது என்பதை உணர்ந்தார்கள், கணக்கைத் திருத்தினார்கள்.

நம் முன் உள்ள கடமை

2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவி ஊரடங்கு வந்தபோது, அலுவலகங்களில் பணிபுரிவோர் வீட்டிலிருந்தே வேலை செய்ய நேர்ந்தது. கணினியின் முன் அமர்ந்த படித்த தாய்மார், மடியில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு மேலதிகாரிக்கு விடை சொல்வது எத்துணைத் துன்பம் என்பதை எடுத்துரைத்தனர். நாளேடுகள் அதனைப் புதிய சிக்கலாக எழுதின. மேலப்பாளையத்துத் தெருக்களுக்கு அது இரண்டு மூன்று தலைமுறைப் பழைய செய்தி. கணினிக்கு மாதச் சம்பளம் உண்டு, விடுப்பும் உண்டு. தட்டுக்கு இரண்டும் அரிது. இதுவே வேறுபாடு.

வீட்டுத் தொழிலை ஒழித்துவிட வேண்டும் என்று இக்கட்டுரை கூறவில்லை. அத்தொழிலை நம்பி அடுப்பெரியும் வீடுகள் இன்னும் உள்ளன. பீடியோ, தையலோ, பூ வேலையோ, கணினியோ, வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு ஒரு நோயுற்ற நாள் உண்டு என்பதையும், அந்நாளின் விலையைத் தாய் ஒருத்தியே கொடுப்பது முறையன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் வழிகள் இல்லாமற் போகவில்லை. 1969 இல் தில்லியில் கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் அம்மையார் வேலையிடத்திலேயே காப்பகம் தொடங்கினார். குஜராத்தில் இலா பட் அம்மையார் 1972 இல் நிறுவிய சேவா சங்கம், புகையிலைத் தொழில் செய்யும் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகங்களை நடத்திக் காட்டியது. அரசின் அங்கன்வாடிகள் 1975 முதல் உள்ளன. நம் மஹல்லாக்களில் திருமண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. பகற்பொழுதில் அவற்றுள் பெரும்பாலானவை பூட்டியே கிடக்கின்றன. ஒரு மண்டபத்தில் ஓர் அறை, பயிற்சி பெற்ற இரண்டு பெண்மணிகள், வாரம் ஒருமுறை வந்துபோகும் ஒரு மருத்துவர் என்ற அளவில் ஜமாஅத்துகள் தொடங்கலாம். குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குத் தாயின் கூலியை ஈடுசெய்யப் பைத்துல்மாலில் சிறு ஒதுக்கீடு செய்யலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வீட்டிலிருக்கும் ஆடவர் அந்தக் கரண்டியைத் தம் கையில் வாங்கிக்கொள்ளலாம். அதற்குச் சட்டமும் வேண்டா, நிதியும் வேண்டா.

வெளிநாட்டுக்கு மரக்கலம் செலுத்தியவர்களின் வரலாற்றைப் போற்றும் நாம், கால் விரலில் தொட்டில் கயிற்றை மாட்டிக்கொண்டு இந்தச் சமுதாயத்தை வளர்த்தெடுத்த உம்மாமார்களின் வரலாற்றையும் போற்ற வேண்டும். ஆனால் போற்றுவது மட்டும் கடனைத் தீர்க்காது. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவில் ஓர் அழுகுரலைக் கேட்டு, விடிந்ததும் கணக்கைத் திருத்தினார்கள். நம் தெருக்களில் அக்குரல் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கணக்கு மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை.